மாப்பிள்ளைத் தட்டில் என்ன வைப்பது?

போன மாதம் ஒரு முழு நாள், முதுகில் 'நாற்பது' என்று ஒட்டிய ஸ்டிக்கருடன் அரியலூரைச் சுற்றி வந்தேன்.

புது ரெடிமேட் சட்டை. கண்ணாடியில் காலர் பார்த்தேன், பட்டன் பார்த்தேன், பாக்கெட் நேராக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். முதுகைப் பார்க்க என்னிடம் இருக்கும் கைக்கண்ணாடி போதாது. ஆபீஸில் எட்டுப் பேர் இருக்கிறோம். மத்தியானம் மெஸ்ஸில் சாப்பிட்டேன். தபால் ஆபீஸ் வரிசையில் கால் மணி நேரம் நின்றேன். ஒருவரும் சொல்லவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள்தான், "தம்பி, முதுவுல என்னமோ ஒட்டியிருக்கு" என்று பிய்த்து என் கையில் கொடுத்தார்.

முதலில் ஆபீஸ்காரர்கள் மேல் கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால் கோபத்தில் நியாயமில்லை. அடுத்தவன் முதுகைப் பார்த்துச் சொல்வது ஆபீஸ்காரர்கள் வேலையா? அது வீட்டில் இருப்பவர்கள் வேலை. வாசல்படி தாண்டுவதற்குள் 'இருங்க, இருங்க' என்று ஒரு குரல் வர வேண்டும். என் வீட்டில் இருப்பவன் நான் ஒருத்தன்தான். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது புதுத் தகவல் இல்லை... நான் தனிக்கட்டை. வயது நாற்பத்தொன்று.

மறுநாள் இந்தக் கதையை அருளப்பனிடம் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர். வரதராஜன்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். அவர் ஸ்டிக்கரை விட்டுவிட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"சட்டை நல்லாத்தான் இருக்கு சார். எந்தக் கடை? எங்க ஸ்டெல்லாவுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை விட்டு அடுத்த ஞாயிறு நிச்சயம் வச்சிருக்கோம். மாப்பிள்ளைக்குத் துணி எடுக்கணும். நீங்களும் வந்தா நல்லாருக்கும். பத்திரிகையில எல்லாம் எழுதுறீங்க, டேஸ்ட் தெரிஞ்சவரு."

பத்திரிகையில் எழுதுகிறவனுக்குத் துணி பார்க்கத் தெரியும் என்பது எங்கள் ஆபீஸ் கண்டுபிடித்த உண்மை. மறுத்துப் பயனில்லை. போனேன்.

கடையில் அருளப்பன், அவர் மகள் ஸ்டெல்லா, நான். ஸ்டெல்லாவுக்கு இருபத்திரண்டு வயது. ஜெயங்கொண்டத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிலிருந்தே என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிட உலகத்தில் இருப்பது அவள் ஒருத்திதான்.

பெண்களுக்குத் துணி எடுப்பதற்கும் ஆண்களுக்குத் துணி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்திருக்கிறீர்களா? புடவை என்றால் கடைக்காரர் முப்பது பிரிப்பார். நிறம் என்ன, உடம்புக்கு எடுக்குமா, கரை பெரிசா சின்னதா... ஒரு பெண்ணுக்காகப் பத்துப் பேர் யோசிப்பார்கள். ஆணுக்கு? 'ஜென்ட்ஸா? அந்தப் பக்கம் போங்க.' அங்கே வேட்டி. அதைவிட்டால் துண்டு. அதையும் விட்டால் அட்டைப் பெட்டியில் மடித்த சட்டைத் துணி — இரண்டேகால் மீட்டர், சந்தன நிறம். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. வாங்குகிறவருக்கு அந்த மனிதன் குட்டையா நெட்டையா என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை.

என் டிரங்குப் பெட்டியில் அப்படி ஏழு சட்டைத் துணிகள் இருக்கின்றன. பல கிருகப்பிரவேசங்கள், இரண்டு டிரான்ஸ்பர் பார்ட்டிகள். ஏழும் சந்தன நிறம். ஒன்றை எடுத்து ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து வேறொரு வீட்டிலிருந்து அதே பெட்டி, அதே மூலை நசுங்கலோடு, எனக்கே வந்தது. அந்தத் துணி எத்தனை ஆண்களின் கைக்குப் போய் வந்திருக்குமோ... ஒருத்தனும் பிரித்திருக்கவில்லை.

அருளப்பன் கடைக்காரரோடு பட்டுக்கரை வேட்டிகளில் மூழ்கிவிட்டார். ஸ்டெல்லா மெல்ல என் பக்கம் வந்தாள்.

"சித்தப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? தட்டுல பனியன் வைக்கலாமா?"

"என்னது?"

"பனியன். நல்ல பருத்திப் பனியனா ஒரு அரை டஜன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். மாப்பிள்ளை சவரிமுத்து ஏலாக்குறிச்சிப் பக்கம். பஸ் கண்டக்டர். வரன் வந்தது உறவுக்காரர் மூலமாக. ஆனால் பெண் பார்க்க வந்த அன்று நிமிர்ந்து பார்த்தால் — தினமும் அவள் போகிற பஸ்ஸின் கண்டக்டர்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியறதுக்கு என்ன இருக்கு சித்தப்பா? நாங்க பேசுனதே இல்ல. 'ஜெயங்கொண்டம் ஒண்ணு'ம்பேன். சீட்டக் கிழிச்சுக் குடுப்பாரு. ஒரு வருசமா அவ்வளவுதான் பேச்சு. ஆனா பாத்துருக்கேன்ல? மேல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறப்ப அந்தக் காக்கிச் சட்டை அக்குள்ல உப்புப் பூத்துக் கெடக்கும். கழுத்துக்கிட்ட பனியன் நைஞ்சு நூல் நூலாத் தொங்கும். விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் வேர்வையிலயே நிக்கிறாரு. அவருக்குப் போயி பட்டுக்கரை வேட்டி. வருசத்துக்கு ரெண்டு நாள் கட்டுவாரு. கிறிஸ்துமஸ் ஒண்ணு, ஈஸ்டர் ஒண்ணு."

"அதெல்லாம் சரிம்மா. ஆனா பனியன் தட்டுல வைக்கிற சாமான் இல்ல."

"ஏன்?"

"உள்ளுக்குப் போடுறது. நாலு பேர் பாப்பாங்க."

"நாலு பேரா சித்தப்பா போட்டுக்கப் போறாங்க?"

ஆனாலும் நான் விடவில்லை. "வேணாம்மா. வேட்டி சட்டையே வச்சிரு. பனியன் எல்லாம் கல்யாணத்துக்கு அப்பறம் வாங்கிக் குடுத்துக்க" என்றேன். என் குரலில் இருந்த வேகம் எனக்கே விசித்திரமாக இருந்தது. அவள் என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, "சரி சித்தப்பா" என்று அப்பாவிடம் போய்விட்டாள்.

ஏன் அப்படிப் பதறினேன்? அதைச் சொல்ல வேண்டுமானால், இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதாத ஒன்றை எழுத வேண்டும். 'நீங்க ஏன் சார் கல்யாணம் பண்ணிக்கலை?' என்று மாதம் ஒரு கடிதமாவது வருகிறது. நானும் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். இன்று தப்பிக்கவில்லை.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் எனக்குப் பெரம்பலூரில் வேலை. விவசாய இலாகாவில் ஃபீல்டு வேலை. குன்னத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பருத்தி எவ்வளவு போட்டிருக்கிறார்கள், வெங்காயத்தில் என்ன நோய் என்று சைக்கிளில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். அப்போது நான் வேட்டிக்காரன். சைக்கிளில் ஏறும்போது மடித்துக் கட்டிக்கொள்வேன். அதனால் தொந்தரவு ஒன்றும் இருந்ததில்லை.

குன்னம் பக்கத்தில் ஒரு ஊரில் பெண் பார்க்க ஏற்பாடானது. அந்தப் பெண்ணின் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்கு இப்போது குடும்பம், பிள்ளைகள் எல்லாம் இருக்கும். என் அப்பா காலமாகிவிட்டதால் எல்லாப் பொறுப்பும் பெரியப்பாவுடையது. அவரும் அம்மாவும் மற்றவர்களும் பஸ்ஸில் போய்விட்டார்கள். எனக்கு அன்று காலையில் பக்கத்து ஊரில் வேலை இருந்தது. முடித்துவிட்டு நேராக சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன்.

பெண் வீடு தெரிந்தது. வாசலில் பெரியவர்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மடித்துக் கட்டிய வேட்டியோடு பெரியவர்கள் முன்னால் போகலாமா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. வேட்டியை அவிழ்த்துக் கீழே விட்டேன். சைக்கிளில் இருந்தபடியே. இறங்கிவிட்டு அவிழ்க்கலாம் என்று தோன்றவில்லை பாருங்கள்... அதுதான் நான்.

வேட்டி சங்கிலியில் மாட்டியது. இழுத்தேன். கிழிந்து வந்தது. கரையோரம் ஒரு சாண் அளவுக்குக் கன்னங்கரேலென்று கிரீஸ். உள்ளே போய் அதைக் காலுக்கடியில் மடித்து மறைத்துக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

பெண் காபி கொண்டு வந்தார். வழக்கப்படி தலை குனிந்தபடி. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கிறோம் என்று சொல்வார்களே தவிர, பெண் நம்மைப் பார்க்க வழியே கிடையாது. குனிந்த தலை நிமிராது. நானும் அப்படித்தான் எண்ணினேன். குனிந்த தலைக்கு எது தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. என் கால் தெரியும். வேட்டிக் கரை தெரியும்.

மூன்று வாரம் கழித்து நிச்சயம். அவர்கள் வீட்டில்தான். தட்டு மாற்றினார்கள். பெரியப்பா அவர்கள் கொடுத்த தட்டிலிருந்த துணியை எடுத்துச் சபைக்குக் காட்டினார். அப்படிக் காட்டுவது வழக்கம். காட்டியவரின் கை அப்படியே நின்றது. வேட்டி இல்லை. பிரவுன் நிறத்தில் ஒரு டெரிகாட்டன் பேண்ட் துணி. வெள்ளையில் ஒரு சட்டைத் துணி. நடுவில் காகிதப் பொட்டலம் ஒன்று. பிரித்தார். வளைந்த இரண்டு இரும்புக் கம்பிகள்.

"என்னங்க இது?" என்றார் பெரியப்பா.

பெண்ணின் அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. "தெரியலைங்களே... பேண்டுதான் ஆபீஸ் போறவருக்கு உதவும்னு பாப்பா சொல்லுச்சு. துணி எடுத்து மடிச்சு வச்சதெல்லாம் அதுதாங்க."

"வேட்டி வைக்காம நிச்சயமா? சரி, அது போவுது. நல்ல காரியத்துல இரும்ப வைக்கிறதுன்னு எந்த ஊருல வழக்கம்?"

அந்தக் கம்பி என்னவென்று அந்த வீட்டில் இருந்தவர்களில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். என் மேலதிகாரி ஒருவர் சைக்கிளில் வரும்போது மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பேண்ட்டின் கீழ்ப்பக்கம் சங்கிலியில் மாட்டாமல் கணுக்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிற கிளிப். பெரம்பலூரில் அப்போது கிடைக்காது. திருச்சிக்குப் போகிற யாரிடமோ சொல்லி வாங்கியிருக்க வேண்டும்.

தெரிந்த இன்னொருவர் உள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். புடவையின் ஓரம் தெரிந்தது. அவர் வெளியே வந்து பேச முடியாது. பேசக்கூடியவன் நான். 'அது சைக்கிள் கிளிப் பெரியப்பா. அன்னிக்கு என் வேட்டி சங்கிலியில மாட்டுச்சு, அதான்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொல்லியிருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள். சிரித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து ஜமுக்காளத்தைப் பார்த்தேன்.

அந்தப் பெண் என்னைக் கவனித்தார் என்று வெளியே தெரிந்தால் அவரைத்தான் தப்பாகப் பேசுவார்கள், அதனால்தான் சும்மா இருந்தேன் — இப்படிப் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். பெரியப்பாவுக்கு எதிரில் வாயைத் திறந்து எனக்குப் பழக்கமில்லை. பயந்தேன். அவ்வளவுதான்.

சாப்பாடு நடந்தது. பஸ்ஸில் திரும்பும்போது யாரும் பேசவில்லை. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஒரு பெண் என்னைப் பார்த்திருக்கிறார். என் கஷ்டத்தைப் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை காலையிலேயே பேண்ட் துணியை டெய்லரிடம் கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன். அப்போது கீழே அகலமாகத் தைக்கிற ஃபேஷன் ஆரம்பித்திருந்தது. "பெல்பாட்டமா வச்சிரட்டா சார்?" என்றார். "வேண்டாம், ஒடுக்கமா வைங்க. கிளிப்பு போடணும்" என்றேன். முகம் மலர்ந்து சொன்னேன் என்று நினைக்கிறேன். டெய்லர் என்னைக் கொஞ்சம் வினோதமாகப் பார்த்தார்.

அந்த வாரத்துக்குள் பெரியப்பா முடிவெடுத்துவிட்டார். இரும்பை வைத்து அனுப்புகிற வீட்டில் பெண் எடுப்பதில்லை. பெண்ணே துணி முடிவு பண்ணுகிற வீடு, நாளைக்கு எல்லாவற்றையும் அவளே முடிவு பண்ணுவாள். அம்மா என்னைப் பார்த்தாள். நீ ஏதாவது சொல்லேன் என்கிற பார்வை. அப்போதும் சொல்லவில்லை.

சம்பந்தம் முறிந்தால் தட்டுச் சாமான் திரும்பிப் போக வேண்டும். எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்கள். பேண்ட் துணியைக் காணோம். "டெய்லர் வெட்டிட்டாருங்க" என்றேன். பெரியப்பா என்னை முறைத்துவிட்டு, அதே மாதிரி வேறொரு துணி வாங்கி வைத்து அனுப்பினார். கிளிப்பை யாரும் கேட்கவில்லை. இரும்புதானே.

அந்தப் பேண்ட்டை ஆறு வருஷம் போட்டேன். முழங்காலில் நைந்து, அப்புறம் உட்காரும் இடத்தில் நைந்து, ஒட்டுப் போட்டு... என்னிடம் இருந்த துணிகளிலேயே எனக்குப் பொருத்தமாக இருந்தது அது ஒன்றுதான். தினமும் காலையில் குனிந்து கிளிப்பை மாட்டுவேன். அந்த ஒரு நிமிஷம் மனசு என்னவோ செய்யும். உலகத்தில் ஒருத்தர் என் கணுக்காலைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்! பெற்ற தாயைத் தவிர வேறு யாரும் எனக்காக அப்படி யோசித்ததில்லை. அதற்குப் பிறகும் யாரும் யோசிக்கவில்லை.

வேறு வரன்கள் வந்தன. ஒன்றும் கூடி வரவில்லை. அப்புறம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று, அப்புறம் அம்மா போய்விட்டாள், அப்புறம் அரியலூருக்கு மாற்றல். கல்யாணம் ஆகாததற்குக் காரணம் கேட்டால் இப்படிப் பத்துக் காரணம் சொல்லலாம். வேலையும் வீடும், வீடும் வேலையும் என்று வருஷம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதான் கொஞ்சம் கஷ்டம். காலையில் துணி துவைத்துக் காயப்போட்டால் கொடியில் எல்லாம் ஒரே அளவுச் சட்டைகள். அப்புறம் திங்கட்கிழமை வருகிற வரைக்கும் பேசுவதற்கு ஆள் இல்லை. உங்களுக்கு இப்படி வாரா வாரம் எழுத ஆரம்பித்ததே அதனால்தான்.

சரி, 'ஆம்பளைக்கு என்ன துணி வாங்கிக் கொடுப்பது' என்று என்னைக் கேட்டால் என் பதில் இதுதான். கடைக்குப் போகாதீர்கள். முதலில் அந்த ஆளைப் பாருங்கள். எங்கே வேர்க்கிறது, எது சீக்கிரம் கிழிகிறது, எதை மறைத்துக்கொண்டு உட்காருகிறான் என்று பாருங்கள். பார்த்துவிட்டால் கடையில் ஐந்து நிமிஷம் போதும். பார்க்காமல் போனால் சந்தன நிறத்தில் இரண்டேகால் மீட்டர்தான் கிடைக்கும்.

இவ்வளவு தெரிந்தவன் ஸ்டெல்லாவிடம் ஏன் வேண்டாம் என்றேன்? அவளுக்கு அந்த மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று பயம். பெரியப்பா செய்த வேலையை இப்போது நான் செய்கிறேன் என்று கடையில் நிற்கும்போது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயத்துக்கு வரதராஜன்பேட்டைக்குப் போனேன். கூடம் நிறைய ஆட்கள். கோயில் உபதேசியார் ஜெபம் சொன்னார். தட்டு மாற்றினார்கள். அருளப்பன் எடுத்த பட்டுக்கரை வேட்டி மேலே பளபளவென்று இருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஸ்டெல்லா என் பேச்சைக் கேட்டுவிட்டாள்.

மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், நல்ல கனத்த குரல், "மாப்பிள்ளத் துணிய எல்லாரும் பாத்துக்குங்க" என்று வேட்டியை உதறித் தூக்கினார். அதன் மடிப்புக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. வெள்ளை வெளேரென்று, கை வைத்த பனியன். ஆறு.

குழந்தைகள் சிரித்தார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தை ஒரு பனியனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது என்ன கூத்து? உள்ளுக்குப் போடுறதப் போயா சபையில வப்பாங்க?" என்றார். மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை. அருளப்பனைப் பார்த்து, "என்ன சம்பந்தி, எங்க பையன் போட்டுக்க பனியன் இல்லாம இருக்கான்னு சொல்லிக் காட்டுறீங்களா?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

அருளப்பன் முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும். வேர்வை, உப்பு, நூல் நூலாகத் தொங்கிய கழுத்து... எழுந்து நின்று அந்தப் பெண்ணின் நல்ல மனசை நாலு வரியில் சொல்ல இந்தக் கூடத்திலேயே தகுதியான ஆள் நான்தான். வாரா வாரம் எழுதுகிறவன். அனுபவப்பட்டவன்.

சத்தியமாகச் சொல்கிறேன், என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நாற்பத்தொரு வயதில் மறுபடியும் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"நான்தாம்ப்பா கேட்டேன்."

சவரிமுத்துவின் குரல். பஸ்ஸில் 'ரைட்' சொல்லிப் பழகிய குரல், கூடம் பூராவும் கேட்டது.

"நீ கேட்டியா? எப்படா கேட்ட?" என்றார் அத்தை.

"பஸ்ஸுல தான். பனியன் வாங்க நேரமே கெடைக்க மாட்டேங்குது, வாங்கி வையின்னு சொன்னேன்."

அப்புறம் கூடமே கொல்லென்று சிரித்தது. "அட, அப்பவே பேசி வச்சாச்சா" என்று ஒருவர். "டிக்கெட்டுக்கு மேல குடுத்தானோ" என்று இன்னொருவர். கிண்டல் எல்லாம் அந்தப் பையன் தலையில் விழுந்தது. அவன் காது சிவக்கச் சிவக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா, "சபையில சொல்ற பேச்சாடா இது" என்று அதட்டினார். ஆனால் முகம் இளகிவிட்டது. அத்தையே பனியன்களைப் பொறுக்கி மடித்துத் தட்டில் வைத்தார். உபதேசியார் சிரித்துக்கொண்டே அடுத்த ஜெபத்தை ஆரம்பித்தார்.

சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் சவரிமுத்து பக்கத்தில் வந்து நின்றார். சொம்பை எடுத்து எனக்குத் தண்ணீர் ஊற்றினார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தம்பி, நிஜமாவே நீங்க கேட்டீங்களா?"

"இல்லைங்க சார். டிக்கெட்டத் தவிர நாங்க எதுவும் பேசுனதில்ல."

"அப்ப அந்தப் பொண்ணு எதுக்குப் பனியன் வச்சுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலைங்க" என்றார், கையைக் கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டே. "ஏதாச்சும் நெனச்சுதான் வச்சிருப்பாங்க. எதுக்குன்னு அப்பறமா அவங்ககிட்டயே கேட்டுக்கலாம். அந்த நேரத்துல யாராச்சும் ஒருத்தர் வாயத் தொறக்கணும்ல சார்?"

காரணம் தெரிந்தவன் நான். கல்யாணம் அவருக்கு.